கருகிப்போன ஸ்பிண்டில் கனெக்டரை மாற்றுவது: 2.2 கிலோவாட், ஜிஎக்ஸ்20, நாலாவது பின் எதற்கு?

உப்புவெளிமரம் எழுதியது:

கதவு, ஜன்னல் கார்விங் ஓடுற ரவுட்டர் மெஷின். ஸ்பிண்டில் (பிட்டைச் சுத்துற மோட்டர்) 80 மி.மீ. விட்டம், வோட்டர் கூலிங். தட்டில 2.2 கிலோவாட், 220 வோல்ட், 8 அம்பியர், 400 ஹெர்ட்ஸ், 24000 ஆர்பிஎம் எண்டு அடிச்சிருக்கு. வீஎஃப்டி (ஸ்பிண்டில் வேகத்தைக் கட்டுப்படுத்துற பெட்டி) ஹுவான்யாங், சிங்கிள் பேஸ் உள்ளே, த்ரீ பேஸ் வெளியே.

ஸ்டார்ட் குடுத்தா உறுமிக்கொண்டு நிக்குது. கொஞ்சத்தில திரையில ஓவர் கரண்ட் விழுந்து வீஎஃப்டி நிப்பாட்டிடுது. கேபிளை ஒரு பக்கம் சாய்ச்சுப் பிடிச்சா சுத்துது. மேல இருக்கிற நாலு பின் வட்டக் கனெக்டரைக் கழட்டினா, மூன்றாம் பின் கறுத்திருக்கு. பிளக் பக்கம் அந்த ஓட்டையைச் சுத்தி பிளாஸ்டிக் இளகி உள்ளே இறங்கியிருக்கு. பிளக்கை இறுக்கிற வளையத்தின் புரியில பச்சைக் களிம்பு.

பிளக்கை மட்டும் மாத்தினாப் போதுமா, ஸ்பிண்டிலில இருக்கிற சொக்கெட்டையும் மாத்த வேணுமா? நாலாவது பின்னுக்கு கேபிள் பக்கம் வயரே இல்லை, அது எதுக்கு? சாமான் இங்க எடுக்கலாமா?

சீனக்குடாவயர் எழுதியது:

தம்பி, ஓடவிட்டுக் கேபிளைச் சாய்ச்சுப் பார்க்கிறதை இத்தோட விடுங்க. வீஎஃப்டி ஓடுற நேரம் மோட்டர் லைன் விட்டு விட்டுத் தொட்டா உள்ளே இருக்கிற ஐஜிபிடி (மோட்டருக்குக் கரண்டை வெட்டி வெட்டிக் குடுக்கிற சுவிட்ச்) போயிடும். கனெக்டர் சின்னக் காசு. ஐஜிபிடி போனா வீஎஃப்டியே புதுசு வாங்க வேணும்.

உறுமிக்கொண்டு நிக்கிறது ஒரு பேஸ் போய்ச் சேராததாலதான். மிச்ச ரெண்டு பேஸால ரோட்டர் சுழலத் தொடங்காது, கரண்ட் மட்டும் ஏறும். மூன்றாம் பின் கறுத்திருக்கிறதும் அதோட பொருந்துது. ஆனா கறுப்பு வெளியே தெரியிற இடம் ஒண்டு, உடைவு இருக்கிற இடம் வேறொண்டாக இருக்கலாம். முதலில அளந்து பாருங்க.

பிரேக்கரை இறக்குங்க. வீஎஃப்டி திரை அணைஞ்சது, ஃபேன் நிண்டது எண்டு நம்பிக் கை வைக்க வேணாம். உள்ளே கெப்பாசிட்டரில 325 வோல்ட் டிசி அளவில நிக்கும். பத்து நிமிஷம் விட்டு, பி, என் எண்டு போட்ட டெர்மினல் ரெண்டுக்கும் நடுவில மீட்டரை டிசி ரேஞ்சில வைச்சுப் பாருங்க. இங்க என் எண்டது நியூட்ரல் இல்லை, டிசி நெகட்டிவ். சைபருக்குக் கிட்ட வந்த பிறகு கை வைக்கலாம். சில மாடலில என் டெர்மினல் வெளியே வராது, அப்படியெண்டா இன்னும் கொஞ்சம் கூட நேரம் விடுங்க.

பிறகு கனெக்டரைக் கழட்டி, ஸ்பிண்டில் பக்கப் பின்னுகளில ஓம் அளவுங்க. மீட்டர் முனை ரெண்டையும் ஒண்டோடொண்டு தொட்டு வாற அளவைக் கழிக்க மறக்காதீங்க, சின்ன மீட்டரில அதுவே 0.2, 0.3 ஓம் வரும். 1-2, 2-3, 1-3 மூன்றும் ஒரே அளவு வரவேணும். ஒவ்வொரு பின்னுக்கும் ஸ்பிண்டில் உடம்புக்கும் நடுவில ஒண்டுமே காட்டக் கூடாது. நாலாவது பின்னுக்கும் உடம்புக்கும் நடுவில என்ன காட்டுது எண்டதையும் எழுதுங்க.

உப்புவெளிமரம் எழுதியது:

1-2: 1.4 ஓம், ஆடாம நிக்குது. 2-3, 1-3 ரெண்டும் 1.5 இல இருந்து 4 வரை ஓடுது, சொக்கெட்டை விரலால அமத்தினா மாறுது. உடம்புக்கு எந்தப் பின்னிலயும் தொடர்பு இல்லை. நாலாவது பின்னுக்கும் உடம்புக்கும் நடுவிலயும் தொடர்பு இல்லை.

சீனக்குடாவயர் எழுதியது:

அப்ப கம்பிச் சுருளில பிழை இல்லை. 1-2 ஆடாம நிக்குது, 3 சேர்ற ரெண்டு அளவும் ஆடுது. மூன்றாம் பின்னின் பின்பக்கச் சோல்டர் விட்டிருக்கு, இல்லாட்டி பின்னே பிளாஸ்டிக்குக்குள்ள தளர்ந்திருக்கு. கேப்பை (ஸ்பிண்டில் மேல்மூடியை) திறந்து வயரிலயே அளந்தா ரெண்டும் 1.4க்கு வந்திடும்.

ரெண்டு பாதியையும் மாத்துங்க. சூடு பட்ட பெண் பின்னில வில் இழுவை போயிருக்கும். புதுப் பிளக்கைப் பழைய கறுத்த பின்னில மாட்டினா தொடுகிற பரப்புக் குறைஞ்சு, அதே இடத்தில திரும்பச் சூடேறி, புதுசையும் சேர்த்து எரிக்கும். அரத்தாளால தேய்ச்சு வெளிச்சமாக்கினாலும் சரிவராது. மேல்பூச்சு போன பித்தளை எங்கட கடல் காத்துக்கு கெதியாக் கறுக்கும்.

நாலாவது பின் உடம்போட சேரவில்லை எண்டது இந்த இழையில முக்கியமான விசயம். அதுக்கு ஏர்த்வாத்தியார் வருவார் எண்டு நினைக்கிறன்.

கிண்ணியாகார்விங் எழுதியது:

சாமான் விவரம் நான் சொல்றேன் தம்பி.

கேப்பில சொக்கெட் இருக்கிற ஓட்டையை அளந்து பாருங்க. 20 மி.மீ. எண்டா ஜிஎக்ஸ்20, 16 எண்டா ஜிஎக்ஸ்16. உங்கட ஸ்பிண்டிலுக்கு ஜிஎக்ஸ்20 நாலு பின் தான் வழக்கம். ஜிஎக்ஸ்16 போட்டு வந்திருந்தா அதைத் திரும்பப் போடாதீங்க. 8 அம்பியரை நாள் முழுக்கக் கொண்டுபோக அதின் பின் சின்னது. ஓட்டையை 20க்குப் பெருசாக்கலாம், ஆனா கேப்பைத் தனியாக் கழட்டி எடுத்து வைச்சுச் செய்யவேணும். ஸ்பிண்டிலில இருக்க வைச்சு ட்ரில் போட்டா அலுமினியச் சுருள் நேரே கம்பிச் சுருளுக்குள்ள விழும்.

வாங்கும்போது ஆண், பெண் பார்க்கவேணும். ஸ்பிண்டில் பக்கச் சொக்கெட்டில பின் நீட்டிக்கொண்டு இருக்கவேணும், கேபிள் பக்கப் பிளக்கில ஓட்டை இருக்கவேணும். கரண்ட் வாற பக்கம் எப்பவும் ஓட்டைப் பக்கம். மாறிப்போன செட்டும் கடையில வருது. அதைப் போட்டா கழட்டின கேபிள் நுனியில உயிர்ப் பின் வெளியே நிக்கும்.

இங்க கடையில கேட்கப் போகும்போது பழையதைக் கையில கொண்டு போங்க. கிடைக்காட்டி கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில சொல்லி பஸ்ஸில போடச் சொல்லலாம். ஒண்டு வாங்கிற இடத்தில ரெண்டு செட் எடுங்க. முதலாவதில சோல்டர் கூடிப்போனா ரெண்டாவது கையில இருக்கும்.

மிச்சச் சாமான்: 4 கோர் 1.5 சதுர மி.மீ. மல்டிஸ்ட்ரேண்ட் ஷீல்ட் கேபிள் (கோர்களைச் சுத்தி உலோகப் பின்னல் உள்ளது), மெஷினோட நகருற கேபிள் செயினில ஓடுற வளையும் வகை. வீடு வயரிங் செய்யிற ஒற்றைக் கம்பி வயர் வேணாம், செயினில வளைஞ்சு வளைஞ்சு உள்ளே முறியும். 63/37 ஈயம், ரோசின் ஃபிளக்ஸ். தகரக் கடையில விக்கிற அமில ஃபிளக்ஸ் கிட்டவும் வரக்கூடாது, அது பிறகு பச்சையாப் பூக்கும். 5 மி.மீ. ஹீட் ஷ்ரிங்க் கால் மீட்டர், 10 மி.மீ. அரை அடி. 60 வாட் அயன், தட்டை முனை. ரேடியோ வேலைக்கு வைச்சிருக்கிற 25 வாட் அயனால இந்தப் பின் சூடேறாது. ஏற வைக்கப் பார்த்துக்கொண்டு நிண்டா பிளாஸ்டிக்தான் இளகும்.

2.5 சதுர மி.மீ. கேபிள் தடிப்பா இருந்தா நல்லது எண்டு சிலர் வாங்குவாங்க. அது பின் கிண்ணத்துக்குள்ள (வயரை வைச்சுச் சோல்டர் போடுற குழிக்குள்ள) போகாது. போகாததால நாலு இழையை வெட்டி விட்டுச் சொருகுவாங்க, அந்த இடம்தான் பிறகு சூடேறும்.

உப்புவெளிமரம் எழுதியது:

நானா, கேப்பைத் திறக்கும்போது தண்ணிக் குழாய் ரெண்டும் அதிலேயே நிக்குது. அதைக் கழட்ட வேணுமா?

கிண்ணியாகார்விங் எழுதியது:

கழட்டத்தான் வேணும். பம்பை நிப்பாட்டி, குழாயைக் கழட்டி வாளிக்குள்ள விட்டு, மற்றக் குழாயால ஊதித் தண்ணியை வெளியேத்துங்க. ஸ்பிண்டிலைக் கிளாம்பில இருந்து எடுத்து மேசையில படுக்க வையுங்க. மெஷினில நிக்க வைச்சுத் திறந்தா மிச்சத் தண்ணி கம்பிச் சுருளுக்குள்ள ஒழுகும்.

கேப்பை நாலு அலன் போல்ட் பிடிச்சிருக்கும். சில மாடலில தண்ணி நிப்பிள் கேப்பைத் தாண்டி உள் உடம்பில புரி ஓடியிருக்கும். அப்ப நிப்பிளை முதலில கழட்டாம கேப் வராது. நெம்பாதீங்க. நிப்பிள் அடியில ஓ-ரிங் இருந்தா புதுசு போடுங்க. பழையது தட்டையாகிப் போயிருக்கும், திரும்பப் பூட்டினா அதில இருந்துதான் ஒழுகும். ஒழுகினா எங்க விழும்? நேரே கனெக்டர் தலையில. உங்கட பச்சைக் களிம்பு கடல் காத்தால மட்டும் வந்திருக்காது, நிப்பிளடியையும் ஒருக்காப் பாருங்க.

உள்ளே இருந்து வாற வயர் நீளம் குறைவா இருக்கும், ரெண்டு மூணு விரல் அகலம் மாதிரி. அதனால பழைய பின்னை வெட்டாம, சூடு காட்டிக் கழட்டுங்க. வெட்டினா ஒவ்வொரு முறையும் ஒரு சென்டிமீட்டர் போகும், பிறகு எட்டாது. கழட்ட முதல் மூன்று வயருக்கும் 1, 2, 3 எண்டு மாஸ்கிங் டேப் ஒட்டுங்க. சில ஸ்பிண்டிலில வாறது வயர் இல்லை, எனாமல் பூச்சுள்ள சுருள் கம்பியே கண்ணாடி நூல் உறைக்குள்ள வரும். அது எண்டா நுனியைப் பிளேட்டால மென்மையாச் சுரண்டி செம்பு தெரியவைச்சு, தனியா ஈயம் பூசின பிறகுதான் கிண்ணத்துக்குள்ள வைக்கவேணும். பூச்சு போகாத கம்பி மேல ஈயம் உருண்டு நிக்கும், பிடிச்ச மாதிரித் தெரியும், பிடிச்சிருக்காது.

இனிச் சோல்டர். சொக்கெட்டின் நட்டு, கேபிள் பக்கத்தில பிளக்கின் வெளி உறை, பின் நட்டு, ரப்பர் வளையம், ஒவ்வொரு வயருக்கும் 15 மி.மீ. ஹீட் ஷ்ரிங்க், எல்லாத்தையும் முதலில வயரில கோத்து வையுங்க. ஷ்ரிங்க்கை அயனில இருந்து தூரத்துக்குத் தள்ளி வையுங்க, இல்லாட்டி வேலை முடிய முதலே சுருங்கிடும். பிளக்கையும் சொக்கெட்டையும் ஒண்டோடொண்டு மாட்டி வைச்சுக்கொண்டு சோல்டர் போடுங்க. அப்ப பிளாஸ்டிக் இளகினாலும் பின் சாயாது. இதுக்குப் பழைய எரிஞ்ச பாதியைப் பாவிக்காதீங்க, அது ஏற்கனவே கோணியிருக்கும்.

கிண்ணத்தில கொஞ்சம் ஃபிளக்ஸ், கொஞ்சம் ஈயம் நிரப்பி, அயனை வெளிப்பக்கம் பிடிச்சு, ஈயம் பளபளத்த உடனே ஈயம் பூசின வயரை நேரே இறக்குங்க. அயனை எடுத்து, வயரை ஆட்டாமப் பிடியுங்க. ஈயம் மங்கிச் சொரசொரப்பாக நிண்டா ஆறும்போது அசைஞ்சிருக்கு. திரும்பச் சூடாக்குங்க. ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் நடுவில ஒரு நிமிஷம் ஆறவிடுங்க. வயரில ஈயம் உறைக்குள்ள ஏறிப்போக விடாதீங்க. ஈயம் ஏறின இழை விறைச்சு நிக்கும், அந்த விறைப்பு முடியிற இடத்திலதான் அதிர்வுக்கு முறியும். அந்த இடத்தை ஷ்ரிங்க் மூடவேணும்.

பின் நட்டை இறுக்கும்போது கிளாம்ப் கேபிளின் வெளி உறையைப் பிடிக்கவேணும். உள் வயரைப் பிடிச்சா கேபிளின் முழுப் பாரமும் சோல்டரில தொங்கும்.

பாலையூற்றுபையன் எழுதியது:

நானா, இந்தச் சின்னக் கனெக்டரோட ஏன் மல்லுக்கட்டணும்? கேபிள் நடுவில 13 அம்பியர் பிளக்கும் ட்ரெயிலிங் சொக்கெட்டும் போட்டா மூன்று பின் வந்திடுது, எந்தக் கடையிலயும் கிடைக்கும்.

சீனக்குடாவயர் எழுதியது:

செய்யாதீங்க. யாராவது சொன்னாலும் செய்யாதீங்க.

13 அம்பியர் பிளக் எண்டா ஒரு நாள் யாரோ ஒருவர் அதைச் சுவரில கொண்டுபோய்ச் செருகுவார். அது மனுசப் பழக்கம், லேபல் ஒட்டினாலும் நடக்கும். ஸ்பிண்டில் சுருள் 400 ஹெர்ட்ஸுக்கு 220 வோல்ட் எண்டு கணக்குப் போட்டுச் சுத்தினது. ஒரு ஹெர்ட்ஸுக்கு 0.55 வோல்ட். சுவரில வாறது 50 ஹெர்ட்ஸ். அந்தக் கணக்குக்கு அது 27.5 வோல்ட் தான் தாங்கும். 230 குடுத்தா எட்டு மடங்குக்கும் மேல. பிரேக்கர் விழ முதல் சுருள் எரியலாம். அதோட மூன்று பேஸையும் பிளக்கின் மூன்று பின்னில போட்டா ஏர்த்துக்கு இடமே இல்லை. சுவரில செருகினா சுவரின் லைவ் சுருள் வழியா ஏர்த் பின்னுக்கு வரும். அந்தச் சுவர் சொக்கெட்டின் ஏர்த்தில மாட்டியிருக்கிற ஃபிரிட்ஜையும் தண்ணி மோட்டரையும் தொடுறவங்களை நினைச்சுப் பாருங்க.

இதே கணக்கு வீஎஃப்டிக்குள்ளயும் இருக்கு. கனெக்டர் மாத்தின பிறகு ஓவர் கரண்ட் வந்தா ஃபாக்டரி ரீசெட் அடிக்கிற பழக்கம் சிலருக்கு. ஹுவான்யாங்கில ரீசெட் அடிச்சா பி.டி. 004 எண்ட செட்டிங், அதாவது அடிப்படை ஃப்ரீக்வென்ஸி (base frequency), 50க்குத் திரும்பும். அப்படியே ஓடவிட்டா 50 ஹெர்ட்ஸிலயே 220 வோல்ட் முழுசாப் போகும். அதுவும் சுவரில செருகின மாதிரித்தான், கரண்ட் லிமிட் மட்டும்தான் காப்பாத்த இருக்கு. ரீசெட் அடிச்சே ஆகவேணும் எண்டா பி.டி. 003, 004, 005 மூன்றும் 400, பி.டி. 141 க்கு 220, பி.டி. 142 க்கு 8, பி.டி. 143 க்கு 2, பி.டி. 144 க்கு 3000 எண்டு திரும்பப் போட்ட பிறகுதான் ரன் அமத்தவேணும். 3000 எண்டது 50 ஹெர்ட்ஸில வாற வேகம், 24000 எண்டு போடாதீங்க.

ஏர்த்வாத்தியார் எழுதியது:

நாலாவது பின் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது ஏர்த்துக்கான இடம். இந்த வகை ஸ்பிண்டில்கள் பலவற்றில் உள்ளே அந்தப் பின்னுக்கு எந்த வயரும் இணைக்கப்படாமலே வருகிறது. நீங்கள் அளந்ததும் அதையே காட்டுகிறது. இந்த நிலையில் கேபிளில் பச்சை மஞ்சள் வயரை நாலாவது பின்னில் சோல்டர் போட்டால், ஏர்த் கொடுத்துவிட்டோம் என்ற நினைப்பு மட்டும்தான் மிஞ்சும். மறுமுனையில் அது எங்கும் போய்ச் சேரவில்லை.

தண்ணீர் சுற்றுகிற உலோக உடம்பு, அதன் உள்ளே அதிவேக ஸ்விட்சிங் உள்ள 220 வோல்ட். சுருளின் இன்சுலேஷன் ஒரு நாள் விட்டால், ஏர்த் இல்லாத உடம்பு முழுவதும் உயிரோடு நிற்கும். பிட் மாற்ற ஸ்பானரோடு வருகிறவர் தொடுகிற இடம் அதுதான். ஆகவே கேப் திறந்திருக்கிற இப்போதே இதைச் சரிசெய்யுங்கள்.

இரண்டு வழி. முதலாவது, நாலாவது பின்னில் இருந்து 1.5 சதுர மி.மீ. பச்சை மஞ்சள் வயரை எடுத்து, வளைய லக் (வயர் நுனியில் பூட்டும் உலோக வளையம்) அழுத்தி, கேப்பைப் பிடிக்கிற போல்ட்களில் ஒன்றின் கீழ் உட்பக்கமாகப் பூட்டுவது. கேப்புக்கு அனோடைஸ் பூச்சு இருந்தால் லக் உட்காரும் இடத்தில் சுரண்டி உலோகத்தைத் தெரியவையுங்கள். அனோடைஸ் மின்சாரத்தைக் கடத்தாது. கேப்பில் இருந்து உடம்புக்குத் தொடர்பு வருகிறதா என்றும் தனியாக அளவுங்கள், இரண்டுக்கும் நடுவில் கேஸ்கெட் இருக்கக்கூடும். புது ஓட்டை போட்டுப் புரி வெட்டுவதாக இருந்தால் கேப்பில் மட்டும் செய்யுங்கள். உடம்புச் சுவருக்குள் தண்ணீர்ப் பாதை ஓடுகிறது, எங்கே என்று வெளியில் இருந்து தெரியாது.

இரண்டாவது வழி, உள்ளே இடமே இல்லாவிட்டால், ஸ்பிண்டிலைப் பிடிக்கிற கிளாம்பின் போல்ட்டில் லக் போட்டு, 2.5 சதுர மி.மீ. தனி வயரைக் கேபிள் செயின் வழியாகவே வீஎஃப்டியின் ஏர்த் டெர்மினலுக்குக் கொண்டு போவது. என் விருப்பம் முதலாவது. கனெக்டர் மாட்டினால் ஏர்த்தும் மாட்டப்படும், யாரும் மறக்க முடியாது.

முடித்த பிறகு ஸ்பிண்டில் உடம்புக்கும் வீஎஃப்டி ஏர்த் டெர்மினலுக்கும் நடுவில் அளவுங்கள். மீட்டர் முனைகளின் அளவைக் கழித்தபின் அரை ஓமுக்குள் இருக்க வேண்டும். அளக்கும்போது முனையை உடம்பில் வையுங்கள், கொலெட் நட்டில் (பிட்டை இறுக்கும் நட்டில்) வைக்க வேண்டாம். நட்டுக்கும் உடம்புக்கும் நடுவில் பெயரிங், கிரீஸ் படலம் உண்டு. அங்கே அளவு தாவித் தாவிக் காட்டும், அதைப் பார்த்து ஏர்த் விட்டிருக்கிறது என்று தவறாக முடிவெடுப்பீர்கள்.

மெக்கர் (இன்சுலேஷன் அளக்கும் மீட்டர்) கிடைத்தால் 500 வோல்ட்டில் சுருளுக்கும் உடம்புக்கும் அளவுங்கள். கேபிளை வீஎஃப்டியில் இருந்து முற்றாகக் கழற்றிய பிறகே மெக்கரைத் தொடவும். மெக்கர் வோல்ட்டேஜ் வீஎஃப்டியின் வெளியீட்டுக்குள் போனால் அது முடிந்தது. 1 மெகாஓமுக்குக் கீழே வந்தால் ஓடவிடக் கூடாது. ஆரோக்கியமான சுருள் நூற்றுக்கணக்கில் காட்டும். மாரி காலத்தில் குறைவாகக் காட்டினால் பதற வேண்டாம். கேப்பைத் திறந்தபடி, தூசி படாத இடத்தில், ஒரு 60 வாட் குண்டு பல்ப் பக்கத்தில் இரவு முழுக்க வைத்து ஈரத்தைப் போக்கித் திரும்ப அளவுங்கள்.

உப்புவெளிமரம் எழுதியது:

விளங்குது சேர். ஷீல்ட் பின்னலை என்ன செய்யிறது? ஒரு பக்கம் மட்டும்தான் ஏர்த் பண்ணவேணும் எண்டு கேள்விப்பட்டிருக்கிறன்.

கிண்ணியாகார்விங் எழுதியது:

வீஎஃப்டி பக்கம் மட்டும். ஸ்பிண்டில் பக்கம் பின்னலை வெட்டி, ஷ்ரிங்க் போட்டு மூடி விடுங்க. ரெண்டு பக்கமும் போட்டா கிரவுண்ட் லூப் (ஏர்த் வழியா கரண்ட் சுத்தி வாறது) வந்து, ஓட்டத்தின் எல்லையைக் காட்டுற லிமிட் சுவிட்ச் தானா அடிக்கும்.

ஏர்த்வாத்தியார் எழுதியது:

இதில் நானாவோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரு பக்கம் மட்டும் என்பது சிக்னல் கேபிளுக்கான விதி. அங்கே பயம் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஷீல்டில் சுற்றி வருவது. மோட்டர் கேபிளில் கதை வேறு. வீஎஃப்டியின் ஸ்விட்சிங்கால் சுருளுக்கும் உடம்புக்கும் நடுவில் உயர் அலைவரிசைக் கசிவு கரண்ட் ஓடுகிறது. அது வீஎஃப்டிக்குத் திரும்பிவரக் கிட்டிய வழி வேண்டும். ஷீல்ட் இரண்டு முனையிலும் உலோகத்தோடு சேர்ந்திருந்தால் அது கேபிளுக்குள்ளேயே திரும்பிவிடும். ஒரு முனையில் வெட்டிவிட்டால் மெஷின் உடம்பு, லிமிட் சுவிட்ச் வயர், யூஎஸ்பி கேபிள் என்று கிடைத்த வழியெல்லாம் தேடிப் போகும். வீஎஃப்டி தயாரிப்பாளர்களின் கையேடுகளும் மோட்டர் கேபிளுக்கு இரண்டு முனையையுமே சொல்கின்றன.

ஜிஎக்ஸ்20 இல் பின்னலை வெளியே மடித்து, கேபிள் கிளாம்புக்குள் உலோக உறையோடு அழுந்தும்படி பூட்டலாம். நீளமாக முறுக்கி வால் போல இழுத்து எங்கோ ஒரு லக்கில் பூட்டுவது உயர் அலைவரிசைக்கு உதவாது. எதைச் செய்தாலும் ஷீல்டைப் பாதுகாப்பு ஏர்த்தாகக் கணக்கில் எடுக்காதீர்கள். நாலாவது கோர் தனியாக இருக்க வேண்டும்.

கிண்ணியாகார்விங் எழுதியது:

ஒரு பக்கம் வெட்டி வருசக்கணக்கில ஓடுற மெஷின் ஊருக்குள்ள எத்தனையோ இருக்கு வாத்தியார். லிமிட் சுவிட்ச் வயரையும் மோட்டர் கேபிளையும் ஒரே செயினில ஒட்டி ஓடவிடாம வைச்சாலே பாதித் தொல்லை தீரும். ஆனா நீங்க சொல்ற காரணத்துக்கு என்னட்ட மறுப்பு இல்லை. தம்பி, ரெண்டு பக்கமும் போட்டுப் பாருங்க. தொல்லை வந்தா வெட்டலாம், வெட்டினதை ஒட்டத்தான் ஏலாது.

உப்புவெளிமரம் எழுதியது:

சொக்கெட், பிளக் ரெண்டும் மாத்தியாச்சு. கேப்பில 1-2, 2-3, 1-3 மூன்றும் இப்ப 1.4. நாலாவது பின் கேப் போல்ட்டில பூட்டி, உடம்புக்கும் வீஎஃப்டி ஏர்த்துக்கும் 0.2. நானா சொன்ன மாதிரி ஒரு நிப்பிளடியில ஓ-ரிங் வெடிச்சிருந்தது. இனி எப்படி ஓடவிடுறது?

சீனக்குடாவயர் எழுதியது:

பிட்டும் கொலெட் நட்டும் கழட்டி வையுங்க. பம்பைப் போட்டு பத்து நிமிஷம் தண்ணி ஓடவிட்டு, நிப்பிளடியில டிஷ்யூ சுத்தி ஈரம் வருதா பாருங்க. அது சரியெண்ட பிறகுதான் கரண்ட். 120 ஹெர்ட்ஸில, அதாவது 7200 ஆர்பிஎம்மில ஸ்டார்ட் குடுங்க. மேல இருந்து பார்க்க மணிக்கூட்டு முள் சுத்துற பக்கம் சுத்தவேணும். நேரே பார்த்துத் தெரியாட்டி தண்டில மார்க்கர் கோடு போட்டு, நிக்கப் போற நேரம் பாருங்க. எதிர்ப்பக்கம் எண்டா பிரேக்கரை இறக்கி, திரும்பப் பத்து நிமிஷம் விட்டு, வீஎஃப்டி டெர்மினலில யூ, வீ ரெண்டையும் மாத்துங்க. கனெக்டரில மாத்தாதீங்க, பிறகு ஸ்பேர் பிளக் போடுறவருக்கு நம்பர் பொருந்தாது. எதிர்ப்பக்கம் சுத்தினா பிட் வெட்டாது, தேய்க்கும், மரம் புகையும்.

வெளியீட்டில மீட்டர் வைச்சு வோல்ட் பார்க்க வேணாம். அது பல்ஸ், சாதாரண மீட்டர் ஏதோ ஒரு எண்ணைக் காட்டும், அதை நம்பிக் குழம்புவீங்க. கிளாம்ப் மீட்டர் இருந்தா மூன்று பேஸையும் ஒவ்வொண்டாப் பிடிச்சுப் பாருங்க. 400 ஹெர்ட்ஸில எண்ணிக்கை சரியா வராது, ஆனா மூன்றும் கிட்டத்தட்ட ஒண்டாக இருக்கிறதா எண்டு ஒப்பிடலாம். ஒண்டு மட்டும் குறைஞ்சா அந்தப் பின்னைத் திரும்பத் திறக்கவேணும்.

இருபது நிமிஷம் ஓடின பிறகு நிப்பாட்டி, பிரேக்கர் இறக்கி, கனெக்டர் உறையைக் கையால தொட்டுப் பாருங்க. ஸ்பிண்டில் உடம்பை விடக் கனெக்டர் சூடா இருந்தா சோல்டர் சரியில்லை.

உப்புவெளிமரம் எழுதியது:

சுத்துது, பக்கமும் சரி, கனெக்டர் குளிர்ந்துதான் இருக்கு. ஆனா இப்ப வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழுது. முந்தி விழாது. ஏர்த் குடுத்ததாலதான் எண்டு விளங்குது. ஏர்த்தைக் கழட்டினா நிக்கும் எண்டு பக்கத்துக் கடைக்காரர் சொல்றார்.

ஏர்த்வாத்தியார் எழுதியது:

ஏர்த்தைக் கழற்றினால் ட்ரிப் நிற்கும், ஆபத்து நிற்காது. முன்பு கசிவுக்கு ஏர்த்துக்குப் போக வழி இருக்கவில்லை, இப்போது வழி கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் இது உண்மையான பழுதா என்று பாருங்கள். ஸ்பிண்டில் கனெக்டரைக் கழற்றிவிட்டு, ரன் கொடுக்காமல், வீஎஃப்டிக்கு மட்டும் கரண்ட் கொடுங்கள். அப்போதே விழுந்தால் காரணம் வீஎஃப்டியின் உள் ஃபில்டர் அல்லது அதன் வயரிங். மாட்டி ரன் கொடுக்கும்போது மட்டும் விழுந்தால் மெக்கரில் சுருளை அளவுங்கள். கேப் திறந்தபோது ஒரு சொட்டுத் தண்ணீர் போயிருந்தாலும் அங்கே தெரியும்.

மெக்கர் நல்ல அளவு காட்டியும் விழுந்தால், அது கேபிளின் மின்கொள்ளளவால் (கெப்பாசிட்டன்ஸ்) வருகிற உயர் அலைவரிசைக் கசிவு. வீடுகளில் இருக்கிற 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் பெரும்பாலும் ஏசி வகை, வீஎஃப்டிக்கு வடிவமைத்தது அல்ல. சில நேரம் வீணாக விழும், சில நேரம் விழவேண்டிய இடத்தில் விழாமல் இருக்கும், இரண்டாவதுதான் மோசம். சிங்கிள் பேஸ் வீஎஃப்டிக்கு எஃப் வகை, இல்லாவிட்டால் பி வகை. டிஸ்ட்ரிபியூஷன் போர்டில் இருந்து மெஷினுக்குத் தனி லைன் இழுத்து, அதற்கு அந்த வகை ட்ரிப் சுவிட்ச் தனியாகப் போடச் சொல்லுங்கள். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டிய வேலை இது. மோட்டர் கேபிளில் தேவைக்கு மேல் சுருட்டி வைத்திருக்கும் நீளத்தை வெட்டினால் கசிவும் குறையும்.

கிண்ணியாகார்விங் எழுதியது:

பூட்டும்போது இதையும் செய்திடுங்க. பிளக்கில இருந்து ஒரு அடி கேபிளைத் தளர்வா வளையமாக விட்டு, ஸ்பிண்டிலோட ஏறி இறங்குற இசட் தட்டில கிளாம்ப் போடுங்க. வளையத்தின் அடி கனெக்டரை விடக் கீழ நிக்கட்டும், கேபிளில ஓடி வாற தண்ணி அங்க சொட்டிடும். கனெக்டரின் வளையப் புரியில சிலிக்கோன் கிரீஸ் மெல்லிசாப் பூசுங்க. தொடுகிற பின்னில டபிள்யூடி-40 அடிக்காதீங்க, அதில மரத்தூள் ஒட்டிக் களியாகும். எம்டிஎஃப் வெட்டுற நாளில இன்னும் மோசம். தொட்டியில உவர்த் தண்ணி ஊத்தாதீங்க, காய்ச்சி வடிச்ச தண்ணியும் ரேடியேட்டர் கூலன்ட்டும் கலந்து விடுங்க. ஒழுகினாலும் உப்புப் படியாது.

கனெக்டர் வளையத்தைக் கையால இறுக்கினாப் போதும், குறடு வேணாம். ஆனா அதிர்வுக்குத் தளரும். மாதத்துக்கு ஒருக்கா, பிரேக்கர் இறக்கின பிறகு, ஒரு திருகு திருகிப் பாருங்க.

உப்புவெளிமரம் எழுதியது:

கனெக்டரைக் கழட்டி, ரன் குடுக்காம வைச்சுப் பார்த்தன், ட்ரிப் விழேல்ல. மாட்டி ரன் குடுத்தாத்தான் விழுது. மெக்கர் 200 மெகாஓமுக்கு மேல காட்டுது. செயினுக்கு வெளியே கேபிள் நாலு மீட்டர் சுருட்டிக் கிடக்கு, நாளைக்கு அதை வெட்டிப்போட்டுத் திரும்பப் பார்க்கிறன். தனி லைனுக்கு எலக்ட்ரீஷியனுக்கும் சொல்லியாச்சு.

சீனக்குடாவயர் எழுதியது:

வெட்டும்போது வீஎஃப்டி பக்க நுனியை வெட்டுங்க, கனெக்டர் பக்கம் தொட வேணாம். புது நுனிக்கு ஃபெரூல் (இழைகளைச் சேர்த்துப் பிடிக்கிற சின்னக் குழாய்) அழுத்தி டெர்மினலில பூட்டுங்க, ஈயம் பூசிப் பூட்டினா ஸ்குரூவுக்குக் கீழ நாளடைவில இளகித் தளரும். ஷீல்டை திரும்ப ஏர்த் டெர்மினலில போட மறக்காதீங்க.